பாசிட்டிவாக நினைக்கிறவருக்கு டிப்ரஷன் வராதா?

கேள்வி: எப்போதும் நல்லதையே நினைக்கிற ஆளுக்கு மனச்சோர்வு வராதாமே, உண்மையா? அந்தக் குணம் பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?

மனச்சோர்வு வரும். தாராளமாக வரும். வாய்ப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேரைச் சொல்கிறேன். தாய்மாமாவுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு. அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பூ எடுக்க மழை வராது என்பார், வந்துவிட்டால் அடுத்த மழை வராது, பிஞ்சு நிற்காது என்பார், பழத்தைப் பறித்துக் களத்தில் காயப்போட்டால் கார்த்திகை மழை வந்து கெடுத்துவிடும் என்பார். ஆனால் ஆயுத பூஜைக்கு முன்னாலேயே தார்ப்பாயை எடுத்து, ஓட்டை தெரிகிறதா என்று வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒட்டுப்போட்டு மடித்து வைப்பதும் அவர்தான். படுத்தால் குறட்டை. "எல்லாம் நல்லா நடக்கும் மாமா" என்று சொல்லிப் பாருங்கள், எரிந்து விழுவார். இந்த மாதிரி ஆட்களை ஜூலி நோரெம், நான்சி கேன்டர் என்ற உளவியலாளர்கள் 1986இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மோசமானதை முன்கூட்டியே நினைத்து, அந்தப் பதற்றத்தையே வேலையாக மாற்றிக்கொள்கிறவர்கள் இவர்கள். "நீ நல்லாத்தான் செய்வே" என்று தட்டிக்கொடுத்தால் இவர்கள் செய்வது கெட்டுப்போகிறதாம்! அவநம்பிக்கைதான், ஆனால் நோய் இல்லை.

இன்னொருவர் பெரியப்பா மகன், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை ஏறினாலும் இறங்கினாலும் "பாத்துக்கலாம் கண்ணு" என்பதுதான் அவர் பேச்சு, பட்டறையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள். அந்த அண்ணன்தான் ஒரு கட்டத்தில், எடை போட்டு முடித்த கொலுசையே மறுபடி மறுபடி தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கில் தப்பில்லை, தொழிலில் நஷ்டமும் இல்லை. தட்டுவடை செட் என்றால் உயிரை விடுகிற மனுஷன், வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வேறு. சொந்தக்காரர்கள் வந்து, "உனக்கென்ன குறைச்சல், பாசிட்டிவா நினைப்பா" என்று சொல்லிவிட்டு காபி குடித்துப் போனார்கள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான்: நாளைக்கு நல்லது நடக்கும் என்று நினைக்க முடியாமல் போவது பல பேருக்கு இந்த நோயின் அறிகுறி, நாம் அதையே காரணம் என்று பிடித்துக்கொள்கிறோம். மனநல மருத்துவர் ஆரோன் பெக் சொன்ன மூன்றில் இதுவும் ஒன்று. தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி என்று மூன்று பக்கமும் நினைப்பு கெட்டுப்போவதுதான் மனச்சோர்வு என்றார். ஒருவர் எவ்வளவு நம்பிக்கையாக நினைக்கிறார் என்று அளக்க, உளவியலாளர்கள் ஷையரும் கார்வரும் 1985இல் ஆரம்பித்து 1994இல் திருத்திய கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, பத்தே வரி, அதிலும் நாலு வரி சும்மா ஒப்புக்கு. அதை நோய் வந்த நேரத்தில் நிரப்பச் சொன்னால் அண்ணனுக்கும் மார்க் குறைவாகத்தான் வந்திருக்கும், அதை வைத்து அவர் குணமே அப்படி என்று சொல்லிவிட முடியுமா?

குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. எளிதில் பதறுகிற, சின்ன விஷயத்தையும் மனசில் போட்டு உழற்றுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். நம்பிக்கையாக நினைக்கிறவர்களிடம் பொதுவாக அந்தச் சுபாவம் குறைவு, கலகலப்பு அதிகம். நம்பிக்கையாக நினைக்கும் குணம் பிறவியா என்றால், ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்து 1992இல் வெளிவந்த ஆய்வு, பரம்பரையின் பங்கு சுமார் 25 சதவீதம் என்கிறது. மிச்சமெல்லாம் வளர்ப்பு, வாழ்க்கையில் பட்டது, இப்படி.

பழகலாம், ஆனால் கண்ணாடி முன்னால் நின்று "நான் நல்லவன், வல்லவன்" என்று சொல்லியல்ல. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்கள் அப்படிச் சொல்லிப் பார்த்தால் மனநிலை இன்னும் மோசமாகிறது என்று 2009இல் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் வழி வேறு: ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனால் "எப்பவும் இப்படித்தான், எல்லாத்துலயும் இப்படித்தான், எல்லாம் என்னாலதான்" என்று நினைக்கிறோமே, அந்த மூன்றும் நிஜம்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. இது நல்ல பழக்கம்தான், ஆனால் நோய் முற்றின நிலையில் தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. அண்ணனுக்கு மாத்திரையும் கவுன்சிலிங்கும் சேர்ந்து பல மாதம் ஆனது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள், அதே ஆள் முன்பு எப்படி இருந்தார் என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வு, எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டது என்றால் டாக்டரிடம் போங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, போன் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது. சாகணும் என்ற பேச்சு வந்தால் மட்டும் இந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.