அடைவு வைக்க முதல் ஒரு நாள் வகுப்பில் இருந்து பாருங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 22 வயது, சுன்னாகம். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகவேண்டும் என்று ஒன்றரை வருடமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். போன டிசெம்பரில் ஜே.எல்.பி.ரி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் பரீட்சையில் முதல் படியான என்-5 பாஸ், அடுத்த படி என்-4. இப்போது 50 பாடங்கள் உள்ள புத்தகத்தில் 31ஆம் பாடத்தில் நிற்கிறேன். ரவுணில் ஓரிடத்தில் மூன்று மாத என்-4 விசேட வகுப்பு ஒகஸ்ட் கடைசியில் தொடங்குகிறதாம். கிழமைக்கு ஆறு நாள், பாஸ் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள், மட்டும்தான் செய்விப்பார்களாம். ஆசிரியர் சூமில் சிங்களத்தில் விளங்கப்படுத்துவார், எனக்கோ சிங்களம் அரைகுறை. காசு முழுவதையும் முதலே கட்டவேண்டும் என்பதால் அம்மா சங்கிலியை அடைவு வைக்கிறேன் என்கிறா. மச்சாள், வகுப்பே வேண்டாம், அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்தால் காணும் என்கிறாள். சேரவா, விடவா?

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். உங்களுக்கு இன்னும் 19 பாடம் கிடக்கிறது. ஒரு பாடத்துக்கு நாலு நாள் என்றாலும் 76 நாள். மூன்று மாத வகுப்பில் அதற்கு மேல் மிஞ்சுவது இரண்டு கிழமைதான், அந்த வகுப்போ பாடமே நடத்தாது, பேப்பர் மட்டும்தான் செய்விக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செயப்பாட்டு வினையும் மரியாதைச் சொற்களும் அந்த 19 பாடத்துக்குள்தான் இருக்கின்றன. அதைப் படிக்காத பிள்ளைக்குப் பேப்பரை விளங்கப்படுத்தினால் விடை பாடமாகும், மொழி வராது.

பாஸ் பேப்பர் என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இது ஏ.எல். மாதிரி வருடாவருடம் பேப்பர் வெளியில் வருகிற பரீட்சை இல்லை. எழுதி முடிய வினாத்தாளைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். பரீட்சையை 2010 இல் புதிய முறைக்கு மாற்றிய பிறகு, நடத்துபவர்களே 2012 இலும் 2018 இலும் மாதிரித் தொகுப்புகள் வெளியிட்டார்கள். அவற்றை அவர்களுடைய தளத்திலேயே ஒலிப்பதிவோடு காசில்லாமல் எடுக்கலாம். "எங்களிடம் போன வருடப் பேப்பர் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

நான் ஏன் இப்படிக் கடுமையாகச் சொல்கிறேன் என்றால் நானும் இதே குழிக்குள் விழுந்து எழும்பியவள். நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். பேப்பர் பேப்பராகச் செய்தோம், விடை இலக்கங்களைக்கூடப் பாடமாக்கினோம், எனக்கு நல்ல நம்பிக்கை. பெறுபேறு வந்தபோது மொத்தம் 95. என்-4 பாஸ் பண்ண 180க்கு 90 காணும். ஆனாலும் பெயில்! ஏன் தெரியுமா? என்-4 இல் சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்ந்து 120 புள்ளி, அதில் 38 ஆவது எடுக்கவேண்டும். கேட்டல் 60 புள்ளி, அதில் 19 ஆவது எடுக்கவேண்டும். எனக்கு முதலாவதில் 78, கேட்டலில் 17. இரண்டே இரண்டு புள்ளி. மொத்தம் எவ்வளவு வந்தாலும் ஒரு பகுதி தவறினால் முழுதும் தவறியதுதான். அன்றைக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், அது வேறு கதை.

ஆகவே வகுப்பை அளக்க என்னிடம் இருக்கிற முதல் அளவுகோல் காது. ஒரு நாள் சும்மா இருந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில். விட்டால், இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை நிமிடம் ஜப்பானிய மொழி உங்கள் காதில் விழுகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். நூறு நிமிடம் சிங்களமும் இருபது நிமிடம் ஜப்பானிய மொழியும் என்றால், நீங்கள் காசு கட்டி அரைகுறைச் சிங்களத்தைத் திருத்தப் போகிறீர்கள். அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குச் சங்கிலி தேவையில்லை.

கேட்டல் பகுதி 35 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே தரம்தான் ஓடும். அதில் ஒரு பகுதியில் தாளில் ஒன்றுமே இருக்காது. ஒருவர் ஒரு வசனம் சொல்லுவார், அதற்கு மூன்று மறுமொழிகள் வரும், எது பொருத்தம் என்று உடனே தெரிவுசெய்யவேண்டும். மனதுக்குள் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி ஓடிவிடும். ஒன்று போனால் போகட்டும், ஏதாவது ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பிழை விட்டால் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது, அந்த "சிங்களம் அரைகுறை". நீங்கள் ஏன் இந்த மொழியைச் சிங்களத்துக்குள்ளாலும் ஆங்கிலத்துக்குள்ளாலும் சுற்றிப் போகவேண்டும்? யாழ்ப்பாணத்தில் கதைக்கிற பிள்ளைக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது.

"கொரெ, சொரெ, அரெ, தொரெ" என்பதை ஆங்கிலத்தில் படித்தவர்கள் "சொரெ"யில் வந்து தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே கிட்ட, தூர என்று இரண்டுதான். நமக்கு? இது, உது, அது, எது. உங்கள் அம்மா முற்றத்தில் நின்றுகொண்டு, உங்கள் கையில் இருப்பதைப் பார்த்து "உது என்ன?" என்று கேட்பா பாருங்கள், அந்த உதுதான் "சொரெ". கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பேச்சில் இந்த உது போய்விட்டது, நமக்கு இன்னும் வாயில் இருக்கிறது. ஒரு பொறி மட்டும் உண்டு. "நேற்று ஒருவரைச் சந்தித்தேன், அந்த ஆள்…" என்று நாம் அகரம் போடுவோம். கேட்பவருக்கு அந்த ஆளைத் தெரியாது என்றால் ஜப்பானியர் அங்கே "சொனொ" (உந்த) தான் போடுவார்கள், "அனொ" (அந்த) இல்லை.

இன்னும் கேளுங்கள். "தபெதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "மிரு" என்பதே பார் என்ற வினை. "கத்தெ ஒகு" வாங்கி வை, "ஒகு" என்பது வை. வெளிக்கிடும்போது அவர்கள் சொல்லும் "இத்தெ கிமசு", நாம் படலையடியில் நின்று சொல்லுகிற அதே "போயிட்டு வாறன்". ஆங்கிலத்தில் இதை விளங்கப்படுத்தப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

என்-4 இல் பிள்ளைகள் அதிகம் பிழை விடுகிற இடம் கொடுக்கல் வாங்கல். "அகெரு", "குரெரு" என்று இரண்டு வினைகள், இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள், அதோடு குழப்பம் தொடங்கும். தமிழில் அவனுக்குக் கொடுத்தேன், எனக்குத் தந்தான். யாராவது எனக்குக் கொடுத்தான் என்றால் காதில் குத்தாதா? "அகெரு" கொடு, "குரெரு" தா. "அக்கா கொப்பியை எழுதித் தந்தா" என்பதை அப்படியே "கைதெ குரெத" என்று போடலாம். "மொரவு" என்று மூன்றாவது ஒன்று வரும், அது வாங்கு, அக்காவிடம் எழுதி வாங்கினேன். இதிலும் ஓரிடம் கவனிக்கவேண்டும்: நான் உங்களுக்குத் தருகிறேன் என்போம், அவர்கள் அங்கே "அகெரு" வகையில் போய்விடுவார்கள். "குரெரு" என் பக்கம் வருவதற்கு மட்டும்.

இந்த மாதிரி ஒற்றுமைகளையும் பார்த்து ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார், நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, பரீட்சை எழுதுகிற உங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை, வசனம் வினையில் போய் முடிகிற வசதி காணும்.

ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகாதீர்கள். நான் இங்கே பத்திரிகைக்காக எழுதுகிறேன், நீங்கள் கொப்பியில் எழுதவேண்டாம். குறில் நெடில் நமக்குப் பிரச்சினையே இல்லை, "ஒபசன்" மாமி, "ஒபாசன்" அம்மம்மா, மற்ற மொழிக்காரர் திணறுகிற இடத்தை நாம் இலகுவாகத் தாண்டுவோம். நம்மைக் கவிழ்ப்பது வல்லினம். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல், படிப்பை இடையில் விட்டு விலகுவதற்கு இன்னொரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் "தைககு", "தைககு" தான். முதல் ஒலியை மெலிதாகச் சொன்னால் கம்பஸ், அழுத்திச் சொன்னால் கம்பஸை விட்ட கதை! நேர்முகத்தில் எதைச் சொன்னீர்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் அவர்களுடைய ஹிரகானா எழுத்திலேயே எழுதுங்கள், அதில் இரண்டு சின்னக் கோடு போட்டு இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடுவார்கள்.

பிறமொழிச் சொற்களை எழுதுகிற கதகானா எழுத்தை எல்லாரும் அலட்சியமாக விடுவார்கள், விடவேண்டாம். அதில் நமக்குப் பழைய சொந்தக்காரர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் "பன்" என்பதும் நாம் காலையில் சம்பலோடு சாப்பிடுகிற பாணும் ஒரே போர்த்துக்கேயச் சொல். பொத்தானும் அப்படித்தான், அவர்களிடம் "பொதன்".

காஞ்சி என்கிற சீன எழுத்துகளை ஒவ்வொன்றும் ஐம்பது தரம் எழுதுகிறீர்களா? இந்தப் பரீட்சையில் எழுத்து வேலையே இல்லை, எல்லாம் பென்சிலால் வட்டத்தை நிரப்புவது. கண்டால் அடையாளம் தெரியவேண்டும், அவ்வளவுதான். தனி எழுத்தாகப் படிக்காமல் சொல்லாகப் படியுங்கள். மின் என்ற ஒரு எழுத்து "தென்ஷ"விலும் "தென்வ"விலும் "தென்கி"யிலும் வரும், ரயில், தொலைபேசி, மின்சாரம். மூன்று சொல் தெரிந்தால் எழுத்து தானாக ஒட்டிக்கொள்ளும். என்-4க்கு ஏறத்தாழ 300 காஞ்சி என்பார்கள், அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது.

அடுத்தது, வகுப்பை விடப் பெரிய கேள்வி. உங்களுக்கு என்-4 தான் வேண்டுமா? பராமரிப்பு வேலைக்கு நீங்கள் போக நினைப்பது 2019 இல் ஜப்பான் தொடங்கிய "குறித்த திறன்" என்கிற வேலை வீசா என்றால், மொழிக்கு என்-4 அல்லது ஜே.எஃப்.ரி. பேசிக் என்கிற இன்னொரு ஜப்பானிய மொழிப் பரீட்சை, இரண்டில் ஒன்று காணும். என்-4 ஜூலையிலும் டிசெம்பரிலும் முதல் ஞாயிறுகளில் நடக்கிற பரீட்சை, ஒரு தரம் விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஜே.எஃப்.ரி. கணினியில் 60 நிமிடம், அடிக்கடி வைப்பார்கள், முடிந்த உடனேயே திரையில் முடிவு தெரியும். அதோடு பராமரிப்புத் துறைக்கு மட்டும் இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது, ஒன்று பராமரிப்புத் திறன், மற்றது பராமரிப்புக்கான ஜப்பானிய மொழி. அந்த விசேட வகுப்புக்காரர் இதைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அவர்கள் விற்பது பரீட்சை, உங்களுக்கு வேண்டியது வேலை.

மச்சாளுக்கும் ஒரு சொல். அனிமே காதுக்கு நல்லது, ஆனால் அதில் வருகிற "ஒமயெ"யை எண்பது வயதுப் பாட்டியிடம் சொன்னால் அது "டேய்" என்று கூப்பிட்ட மாதிரி. பரீட்சையில் பேச்சு இல்லை, வேலையில் முழுவதும் பேச்சு. அதனால் வகுப்பில் வாய் திறக்க விடுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இப்போது படிக்கிற இடத்திலேயே 50ஆம் பாடம் வரை முடிப்பேன். ஜப்பான் பவுண்டேஷன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிற இரோதோரி பாடங்களின் ஒலிப்பதிவை போனில் இறக்கி, பஸ்ஸிலும் சமைக்கும்போதும் ஓடவிடுவேன், முதலில் தாளைப் பார்க்காமல், பிறகு பார்த்து, பிறகு கூடவே சொல்லி. நாளுக்கு அரை மணித்தியாலம், ஒரு நாளும் விடாமல். பாடம் முடிந்த பிறகு மாதிரித் தொகுப்பு ஒன்றை வீட்டில் நேரம் வைத்துச் செய்வேன். கேட்டலில் பாதிக்கு மேல் சரி வந்தால், அப்போது ஒரு பரீட்சை வகுப்புக்கு ஆறு கிழமை போவேன், மாதாமாதம் காசு வாங்குகிற வகுப்புக்கு. நேரத்தைப் பங்கிடவும் வினாவின் வடிவம் பழகவும் அது உண்மையிலேயே உதவும், அதை நான் மறுக்கவில்லை. இரண்டாம் தரம் நான் பாஸ் பண்ணியது அப்படித்தான்.

டிசெம்பரை விட மனம் இல்லை என்றால் பதிவுசெய்யுங்கள், பெயர் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். பதிவு சில மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும், வகுப்பு தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கொழும்புக்குப் போய் எழுதுவதாக இருந்தால் சனிக்கிழமையே போய் நித்திரை கொள்ளுங்கள், இரவு பஸ்ஸில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகிறவர்களுக்குக் கேட்டல் வரும்போது கண் சொருகும், கடைசியாக வருவது அதுதான். எச்.பி. பென்சில் இரண்டு, நல்ல அழிறப்பர் ஒன்று. போனை நிறுத்தி வையுங்கள், உள்ளே அது ஒலித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஏஜென்சிக்காரர் யாராவது "வகுப்பும் நாங்களே, வேலையும் நாங்களே" என்று வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, பணியகத்திலேயே சரிபார்த்துவிட்டு மிச்சத்தைக் கதையுங்கள். சங்கிலி அம்மாவிடமே இருக்கட்டும். ஒரு நாள் வகுப்பில் இருந்து பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் ஜப்பானிய மொழி கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.