ஆபரேஷனுக்கு போக மிச்சம் இருக்கு, வீட்டு லோனை அடைக்கலாமா?

கேள்வி: சார், வீட்டுக்காரருக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். நான்தான் கிட்னி கொடுக்கப்போறேன், ரெண்டு பேருக்கும் டெஸ்ட் இப்போதான் ஆரம்பிச்சிருக்கு, மாசக்கணக்குல ஆகுமாம். ஆபரேஷனுக்கு எடுத்து வச்சது போக கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுல லோனை முடிச்சிடலாமா?

பதில்: வேணாம்மா, இப்போ தொடாதீங்க. அது மிச்சமே இல்ல.

ஆபரேஷன் பில்லை மட்டும் கணக்கு போட்டிருக்கீங்க, ஆனா உங்க வீட்டுல சம்பளம் வாங்குற ரெண்டு பேரும் ஒரே நாள்ல தியேட்டருக்குள்ள போறீங்க. நீங்க வேலைக்கு திரும்ப 4-6 வாரம், அவருக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். லோனை அடைச்சா தவணையே இருக்காதேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா அடைச்ச பணம் அவசரத்துக்கு திரும்பி வராது, மிச்சமான வட்டியைக் காட்டி மெடிக்கல் ஷாப்ல டாக்ரோலிமஸ், அதான் உடம்பு புது கிட்னியை எதிர்க்காம இருக்க போடுற மாத்திரை, வாங்க முடியாது பாருங்க.

பெரிய செலவே அந்த மாத்திரைதான். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கூட ஸ்டீராய்டு, புது கிட்னி வேலை செய்யுற காலம் முழுக்க தினமும் போடணும், காசில்லன்னு நிறுத்தினா உடம்பு கிட்னியை ஏத்துக்காது. டெஸ்ட் நடக்கும்போது சோஷியல் ஒர்க்கர் உக்காந்து வருமானம் என்ன, மருந்துக்கு என்ன பண்ணுவீங்க, யார் கூட இருந்து பாத்துக்குவாங்கன்னு கேக்குறது இதுக்குத்தான். சில பேர் கௌரவம் பாத்து எல்லாம் இருக்குன்னு சொல்லிடுறாங்க, அப்படி பண்ணாதீங்க, உதவி கிடைக்கிற வழி அவங்களுக்குத்தான் தெரியும்.

டெஸ்ட் செலவும் ஒரே வாட்டியில முடியாது. அவருக்கு எக்கோல சந்தேகம் வந்தா ஆஞ்சியோ எழுதுவாங்க, தள்ளிப்போனா பழைய ரிப்போர்ட் செல்லாம மறுபடி எடுக்கணும், அவர் உடம்பு உங்க கிட்னியை எதிர்க்குமான்னு பாக்குற க்ராஸ்மேட்ச் டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன்னாடி திரும்பவும் பாப்பாங்க. கடைசியில நீங்க கொடுக்க முடியாதுன்னு வந்தாலும் வரலாம், அப்போ வேற டோனர் கிடைக்குற வரைக்கும் டயாலிசிஸ் செலவு ஓடிக்கிட்டே இருக்கும்.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மூணு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க: டோனர் டெஸ்ட், டோனர் ஆபரேஷன், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மாத்திரை, எது எதுக்கு தருவீங்க? உங்க பேர்ல தனியா பாலிசி இல்லன்னா இப்பவே கேட்டுப் பாருங்க, ஆனா கிட்னி கொடுக்கப்போறதை மறைக்காதீங்க, பின்னாடி க்ளைம் நிக்காது.

ஒரு வருஷ மாத்திரை, ரத்த டெஸ்ட், ஆறு மாச வீட்டுச் செலவு, தவணை எல்லாம் சேர்த்து நினைச்சா எடுக்குற மாதிரி வைங்க. முதல் வருஷம்தான் மருந்து டோஸும் அதிகம், செக்கப்பும் அதிகம். அது தாண்டினப்புறம் கையில என்ன நிக்குதுன்னு பாத்துட்டு லோன் பத்தி திரும்ப எழுதுங்க.