காற்று எங்கே போகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் பன்னிரண்டு வயது மகளும் விடுமுறையில் ஸ்பிரிங்கில் இயங்கும் ஃபோம் டார்ட் பிளாஸ்டர் (மென்மையான நுரை டார்ட்டுகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி) ஒன்றை வீட்டிலேயே செய்தோம். 50 மி.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய்தான் சிலிண்டர். பிஸ்டனை 10 செ.மீ. பின்னுக்கு இழுக்கலாம். டார்ட் போகும் குழலின் உள்விட்டம் 15 மி.மீ., நீளம் 10 செ.மீ. டார்ட்டுகள் கடையில் வாங்கியவை. சுட்டால் நான்கைந்து மீட்டரில் விழுந்துவிடுகின்றன. ஸ்பிரிங் போதவில்லை என்று நினைத்து மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமானது. தூரம் கூடவே இல்லை. கடைசி ஸ்பிரிங்கை மகளால் இழுக்கவே முடியவில்லை. நான்காவது முறை சுட்டபோது சிலிண்டரின் முன்பக்கம் விரிசல் விட்டது. இதைவிட வலுவான ஸ்பிரிங்குக்கு என்ன செய்வது? டார்ட்டின் முனையில் சின்ன இரும்புக் குண்டு ஒன்றைப் பொதித்தால் தூரம் போகும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரும்பு வேண்டவே வேண்டாம். டார்ட் நேராகப் பறக்க முன்முனை கனமாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்தக் கனத்தை மென்மையான ரப்பர் முனையே கொடுத்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் டார்ட் முழுவதும் சேர்த்தே சுமார் 1 கிராம்தான். உள்ளே ஓர் இரும்புக் குண்டு போனால் அது விளையாட்டுப் பொருளாக இருக்காது. சாதாரண ஃபோம் டார்ட் பட்டே கண்ணின் முன்னறையில் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி 2017-இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பதினொரு வயதுக் குழந்தை. எனவே சுடுபவர், எதிரே நிற்பவர், வேடிக்கை பார்ப்பவர் எல்லோருக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். முகத்தை நோக்கிச் சுடக் கூடாது. இந்த இரண்டில் உங்கள் மகளுக்கு எந்தச் சலுகையும் கொடுக்காதீர்கள்.

இனி ஸ்பிரிங். உங்களிடம் இருப்பதே போதும், சொல்லப்போனால் அதிகம். முதலில் வாங்கிய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள்.

டார்ட்டைத் தள்ளுவது காற்று. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, நெருங்கிய காற்று டார்ட்டைத் தள்ளுகிறது. உங்கள் பிளாஸ்டரில் காற்று டார்ட்டைத் தள்ளாமல் அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. டார்ட்டின் விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ., உங்கள் குழல் 15 மி.மீ. சுற்றிலும் இடைவெளி. குழலில் டார்ட்டைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், வழுக்கி விழும். விழக் கூடாது. விரல் நுனியால் தள்ளினால் மட்டும் நகர வேண்டும். 12.7 மி.மீ. அளவிலான குழல் இதற்குச் சரியாக இருக்கும். ஃபோம் சற்றே அழுந்தி உட்காரும் அந்தப் பிடிப்பில்தான் விஷயம் இருக்கிறது. பின்னால் அழுத்தம் ஏறும்வரை டார்ட் அசையாமல் நிற்கும், பிறகு ஒரே மூச்சில் கிளம்பும்.

அடுத்தது நீளம். இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். உங்கள் சிலிண்டரில் பிஸ்டன் நெருக்கும் காற்று ஏறத்தாழ 196 கன செ.மீ. 12.7 மி.மீ. குழலாக இருந்தாலும் 10 செ.மீ. நீளத்துக்கு அதன் கொள்ளளவு 13 கன செ.மீ.கூட இல்லை. பிஸ்டன் பாதி வழி வருவதற்குள் டார்ட் வெளியே போய்விடும். மீதிக் காற்று யாருக்கும் பயனில்லாமல் பின்னால் வீசுகிறது. ஸ்பிரிங் பிளாஸ்டர் செய்பவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு, சிலிண்டரின் கொள்ளளவு மூன்று அல்லது நான்கு பங்கு என்றால் குழலின் கொள்ளளவு ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 40 செ.மீ. அளவில் குழல் வேண்டும். முதலில் அந்த நீளத்தில் பொருத்திச் சுடுங்கள், பிறகு 2 செ.மீ. வீதம் வெட்டிக்கொண்டே வாருங்கள். குழல் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் காற்றின் அழுத்தம் தீர்ந்த பின்னும் டார்ட் உள்ளேயே உரசிக்கொண்டு வேகத்தை இழக்கும். எந்த நீளத்தில் தூரம் அதிகமோ அங்கே நிறுத்திவிடலாம். ரம்பத்தை மகளிடமே கொடுங்கள், அளவுகளையும் தூரங்களையும் அவளே நோட்டில் எழுதட்டும். அவ்வளவு நீளமான குழல் கைக்கு இடைஞ்சல் என்றால் 35 மி.மீ. சிலிண்டருக்கு மாறுங்கள். 12 செ.மீ. இழுவையோடு அது 115 கன செ.மீ. கொடுக்கும், 30 செ.மீ. குழலே அதற்கு ஏற்றது.

மூன்றாவதாக, நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று, பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குழலின் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டு பிஸ்டனைக் கையால் தள்ளுங்கள். முனை மூடிய சிரிஞ்சைத் தள்ளுவதைப் போலக் கையை எதிர்த்துத் திருப்பித் தள்ள வேண்டும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிட்டால் எங்கோ கசிகிறது.

என் முதல் பிளாஸ்டரில் இரண்டு வாரம் இதே கசிவைத் தேடினேன். புது ஓ-ரிங் போட்டால் ஒரு நாள் பிடிக்கும், அடுத்த நாள் கசியும். ஒரு மாலை கழற்றித் துடைத்தபோது வெள்ளை கிரீஸில் தலைமுடியளவு கறுப்பு ரப்பர் இழை ஒன்று ஒட்டியிருந்தது. சிலிண்டரின் வாய் விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தேன். ரம்பம் விட்டுப்போன பிசிர் நகத்தில் தட்டியது. ஒவ்வொரு முறை பிஸ்டனை உள்ளே நுழைத்தபோதும் அந்தப் பிசிர் ஓ-ரிங்கைச் சீவியிருக்கிறது. அரத்தால் உள்விளிம்பைச் சரிவாக்கி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு போட்ட ஓ-ரிங் இன்றுவரை இருக்கிறது. உங்கள் விளிம்பையும் நகத்தால் பாருங்கள். கிரீஸ் சிலிகான் கிரீஸாக இருக்கட்டும், பெட்ரோலிய கிரீஸ் சிலவகை ரப்பரை ஊதிப்போகச் செய்யும். ஓ-ரிங்கைத் தேவைக்கு மேல் இறுக்கமாகவும் போடாதீர்கள், ஸ்பிரிங்கின் பலத்தை உராய்வே தின்றுவிடும்.

விரிசலுக்குக் காரணமும் இப்போது புரிந்திருக்கும். 10 செ.மீ. இழுப்பில் விசை 60 நியூட்டனுக்கு, அதாவது 6 கிலோ எடையின் அளவுக்கு ஏறும் ஸ்பிரிங்கில் 3 ஜூல் ஆற்றல் சேர்கிறது. 1 கிராம் டார்ட் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போனாலும் அது எடுத்துக்கொள்வது 0.45 ஜூல்தான். மீதியில் பெரும்பகுதி பிஸ்டனோடு போய் முன்சுவரில் மோதுகிறது. டார்ட் காற்றை மறித்து நின்றால் அந்தக் காற்றே பிஸ்டனுக்கு மெத்தையாகும். உங்களுடையதில் மறிப்பு இல்லை, அதனால் ஒவ்வொரு அடியும் நேராகச் சுவருக்கே. ஸ்பிரிங்கைக் கடினமாக்கக் கடினமாக்க அந்த அடியைத்தான் வலுவாக்கிக்கொண்டிருந்தீர்கள். டார்ட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் இதே கேட்டைச் செய்யும், அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

விரிசல் விட்ட அக்ரிலிக் குழாயை ஒட்டி மீண்டும் பயன்படுத்த வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடியைப் போலக் கூர்மையான சில்லுகளாக உடையும். அதே அளவில் பாலிகார்பனேட் குழாய் வாங்குங்கள், அது அடி தாங்கும். பிஸ்டன் தலையின் முகத்தில் 3 மி.மீ. ரப்பர் தகடு ஒன்றை ஒட்டுங்கள். ஸ்பிரிங் போதாது என்று யாராவது சைக்கிள் பம்ப்பால் பிவிசி குழாயில் காற்றடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீருக்கான குழாய் அது, அழுத்தப்பட்ட காற்றோடு வெடித்தால் துண்டுகள் தெறிக்கும். முடித்ததும் மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற வண்ணம் பூசிவிடுங்கள், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் பொம்மை என்று தெரிய வேண்டும்.

முதலில் குழலை மட்டும் மாற்றிச் சுடுங்கள், பிறகு ஓ-ரிங்கைப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது எவ்வளவு தூரம் கொடுத்தது என்று தெரியாமல் போகும். மகள் நோட்டில் எழுதும் அளவுகளை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.