சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர், ரவுட்டர் நான்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கின்றன. ஒரே சுவிட்ச். அணைத்தால் இன்டர்நெட்டும் போய்விடுகிறது என்று இரவு பகலாக எல்லாவற்றையும் ஓடவிடுகிறோம். தனித்தனி சுவிட்ச் உள்ளதாக மாற்றினால் மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: ஆகும். எவ்வளவு என்பது சாதனத்தைப் பொறுத்தது. புதிய டிவி ஸ்டாண்ட்பையில் (ரிமோட்டில் மட்டும் அணைத்த நிலையில்) அரை வாட் எடுத்தால் வருடம் முழுக்க விட்டாலும் 4.4 யூனிட்தான். பழைய ஹோம் தியேட்டர் சும்மா இருக்கும்போதே 10 வாட் எடுத்தால் அது வருடத்துக்கு 88 யூனிட். அதையும் செட்டாப் பாக்ஸையும் அணைத்துவிட்டு ரவுட்டரை மட்டும் விடுவதற்குத்தான் தனி சுவிட்ச். சுவிட்சுக்குள் எரியும் சிவப்பு விளக்கு எவ்வளவு இழுக்குமோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அது நியான் பல்பு. கால் வாட் அளவுதான்.

கையில் சுவிட்ச் வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் பட்டென்று அணைக்கவும் கூடாது. இங்க்ஜெட் பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியில் உட்காரும். பாதியில் கரன்ட்டை நிறுத்தினால் ஹெட் திறந்தபடி நின்று இங்க் காய்ந்துவிடும். பல்பு வைத்த புரொஜெக்டரில் உள்ளே ஃபேன் நிற்கும்வரை காத்திருங்கள். கம்ப்யூட்டருக்கு ஷட்டவுன் முடிந்த பிறகு.

கேள்வி: ஆறு சாக்கெட் பாக்ஸ் ஒன்றில் ‘16 ஆம்ப்ஸ்’ என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 16 ஆம்ப்ஸா?

பதில்: ஆறுக்கும் சேர்த்து 16. தனித்தனி சுவிட்ச் இருப்பதால் ஒவ்வொன்றும் தனி லைன் போலத் தோன்றும். ஆனால் உள்ளே எல்லா சாக்கெட்டுக்கும் ஓடுவது ஒரே உலோகப் பட்டை, சுவரிலிருந்து வருவதும் ஒரே வயர். 230 வோல்ட்டில் 6 ஆம்ப்ஸ் என்றால் 1,380 வாட்ஸ். 10 என்றால் 2,300. 16 என்றால் 3,680. மணிக்கணக்கில் ஓடும் லோடு என்றால் அதில் ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முன் வயரைப் படியுங்கள். மேலுறையில் ‘3 × 0.75’ என்பது போல் அச்சாகியிருக்கும். உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 0.75 சதுர மி.மீ. என்று பொருள். 0.75-க்கு 6 ஆம்ப்ஸ், 1.0-க்கு 10, 1.5-க்கு 16 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டி 16 என்றும் வயர் 0.75 என்றும் சொன்னால் வயர் சொல்வதுதான் உண்மை. அச்சே இல்லாத வயரா, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

‘மிஞ்சினால் எம்சிபி விழுந்துவிடுமே’ என்று பலர் கேட்பார்கள். எம்சிபி என்பது கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் மெயின் போர்டு சுவிட்ச். அதைப் போட்டிருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்க. வீட்டில் போடும் 16 ஆம்ப்ஸ் எம்சிபி, 18 ஆம்ப்ஸ் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும். 23 ஆம்ப்ஸ் வரை போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 0.75 வயரில் 12 ஆம்ப்ஸ் ஓடி ரப்பர் போல இளகிக்கொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே பாக்ஸிலேயே ஓவர்லோடு பட்டன் இருப்பதை வாங்குங்கள். அது சூட்டில் வேலை செய்வது. விழுந்த உடனே அழுத்தினால் நிற்காது. லோடைக் குறைத்து, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு அழுத்த வேண்டும். ஷாக் அடிப்பதிலிருந்து அது காக்காது; அதற்கு, கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டின் ஒரு துளையில் டெஸ்டர் எரிகிறது. பாக்ஸ் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. பல பாக்ஸ்களில் இருப்பது ‘சிங்கிள் போல்’ (single pole) சுவிட்ச். கரன்ட் வரும் பேஸ், திரும்பும் நியூட்ரல் என்ற இரண்டு கம்பியில் ஒன்றை மட்டும் துண்டிக்கும். துண்டிக்கப்படுவது பேஸாக இருந்தால் சரி. சுவர் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, எப்படித் திருப்பினாலும் நுழையும் பிளக்காக இருந்தாலோ, சுவிட்ச் நியூட்ரலைத் துண்டித்துவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். சாதனம் நின்றுவிடும், விளக்கும் அணையும், ஆனால் உள்ளே தொட்டால் ஷாக். இரண்டையும் ஒன்றாகத் துண்டிப்பது டபுள் போல். விலை கூடுதல்தான், ஆனால் தனி சுவிட்ச் பாக்ஸில் கூடுதலாகக் கொடுக்கத் தகுந்த ஒரே விஷயம் என்று இதைத்தான் சொல்வோம்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பாக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மெயின் சுவிட்ச் இருந்தால் அதை ஆனில் வையுங்கள். மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு புரோபை (மீட்டர் வயரின் முனையை) பிளக்கின் பேஸ் பின்னிலும் மற்றதை சாக்கெட்டின் பேஸ் துளையிலும் வையுங்கள். சுவிட்ச் ஆனில் பீப் வர வேண்டும், ஆஃபில் நிற்க வேண்டும். அடுத்து நியூட்ரல் பின்னும் நியூட்ரல் துளையும். சுவிட்ச் ஆஃபிலும் பீப் வந்தால் சிங்கிள் போல். நின்றால் டபுள் போல். ஆஃபில் நியூட்ரல் நின்று பேஸ் மட்டும் பீப் அடித்தால் பாக்ஸிலேயே தப்பாக வயர் கொடுத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக எர்த்: சுவிட்ச் எப்படி இருந்தாலும் பீப் வர வேண்டும். ஆறு சாக்கெட்டையும் பாருங்கள்; கடைசி சாக்கெட்டில் மட்டும் எர்த் போகாத பாக்ஸும் உண்டு.

துளையை மூடும் ஷட்டர் வைத்த சாக்கெட்டில் புரோப் நுழையாது. வயரோடு உள்ள பழைய மூன்று பின் பிளக்கைச் செருகி, வயர் முனைகளில் பாருங்கள். அந்தப் பிளக்கைக் கழற்றி எடுத்த பிறகே பாக்ஸைச் சுவரில் செருக வேண்டும். இதை மறந்தால் திறந்த வயர் முனையில் கரன்ட் நிற்கும்.

கேள்வி: ஒரு சுவிட்சின் விளக்கு மட்டும் மினுக்குகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: காதை அருகில் கொண்டுபோங்கள். சத்தம் இல்லை, சூடு இல்லை, விளக்கு மட்டும் துடிக்கிறது என்றால் நியான் பல்புக்கு வயதாகிவிட்டது. நாளானால் கண்ணாடியின் உட்புறம் கறுத்து ஒளி நடுங்கும். பயப்பட ஒன்றுமில்லை.

‘சர்ர்’ என்ற சத்தம் வந்தாலோ, சுவிட்சை லேசாக அழுத்தும்போது சாதனம் நின்று நின்று ஓடினாலோ லூஸ் காண்டாக்ட். ஒரு இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்து அதில் 10 ஆம்ப்ஸ் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 10 வாட்ஸ் சூடு உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியது போல. சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், சூடு இன்னும் ஏறும். மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வரும், அது பிளாஸ்டிக் வேகும் நாற்றம். சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஒரு சாக்கெட்டை விட்டுவிட்டு மற்ற ஐந்தைப் பயன்படுத்தும் யோசனை வேண்டாம். பட்டை எல்லாவற்றுக்கும் பொது.

ஒரு சுவிட்ச் சீக்கிரம் கெடுவதற்கு மோட்டாரும் ஒரு காரணம். சுவிட்சின் பக்கவாட்டில் ‘16(4)’ என்று எண் இருந்தால், சாதாரண லோடுக்கு 16 ஆம்ப்ஸ், மோட்டாருக்கு 4 ஆம்ப்ஸ் மட்டும் என்று அர்த்தம். அடாப்டர், எல்இடி டிரைவர் போன்றவையும் ஆன் செய்யும் நொடியில் ஒரு இழுப்பு இழுக்கும். எல்லா சாதனத்தையும் ஆனில் வைத்துவிட்டு சுவர் சுவிட்சைப் போடுவதை விட, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கேள்வி: அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஃபிரிட்ஜ்?

பதில்: நேரடியாகச் சுவர் சாக்கெட்டில். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவதும் வேண்டாம்.

கேள்வி: கடையில் பிரித்துப் பார்க்க விடுவதில்லை. நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பிளக்கின் பின்னில் பலமாக ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, பித்தளையில் ஒட்டாது. அடுத்து ஒரு பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. பாக்ஸை ஆட்டினால் உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது.

சாக்கெட் இடைவெளியைப் பலர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். பருத்த அடாப்டர் ஒன்று பக்கத்து சாக்கெட்டை மூடும், இல்லையென்றால் தன் சொந்த சுவிட்சின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். உங்களிடம் உள்ளதிலேயே பெரிய அடாப்டரைக் கையில் எடுத்துப் போவது உத்தமம்.

கேள்வி: சர்ஜ் புரொடெக்‌ஷன் இருந்தால் இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் போதுமா?

பதில்: போதாது. உள்ளே இருப்பது வேரிஸ்டர் என்ற மாத்திரை அளவுத் தட்டு. திடீரென எகிறும் வோல்ட்டேஜை அது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். புரொடெக்‌ஷன் விளக்கு அணைந்துவிட்டால் அது தீர்ந்தது, மற்றபடி பாக்ஸ் வழக்கம்போல் ஓடும், அதுதான் ஏமாற்றுகிறது. மணிக்கணக்கில் நீடிக்கும் ஹை வோல்ட்டேஜை அது தாங்காது. ஸ்டெபிலைசர் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அணைத்த சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், இடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: 5 மீட்டர் வயர் வாங்கினேன், தேவை 2 மீட்டர். மீதியைச் சுருட்டிக் கட்டி வைக்கலாமா?

பதில்: போன் சார்ஜர், ரவுட்டர் மட்டும் என்றால் பரவாயில்லை. லோடு கூடினால் சுருளின் நடுவில் உள்ள வயரின் சூடு வெளியேற வழியில்லை. மேலே கை வைத்தால் தெரியாது, உள்ளே உறை ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளத்துக்கு அடியில் ஓட்டுவதும் இதே கதைதான். அரை மணி நேரம் வழக்கமான லோடில் ஓடவிட்டு, பிளக், வயர் நுழையும் இடம், ஒவ்வொரு சுவிட்ச் என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு, லோடைக் குறைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் சுட்டால் அந்த பாக்ஸ் வேண்டாம்.