மேட்டுப்பாளையம், இங்கிலாந்து

கேள்வி: மெல்பர்னில் ஒரு பெரிய கடையில் 'மான்செஸ்டர்' என்று பலகை தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் படுக்கை விரிப்பும் தலையணை உறையும்! எங்கள் கோவைக்குப் பெருமை சேர்க்கும் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்கு என்ன பொருள்?
— கோவை வாசகர், தற்போது ஆஸ்திரேலியா

பதில்: பட்டம்! அங்கே போயும் அந்த ஆசை விடவில்லையா? சுவரொட்டியில் தலைவர் பெயருக்கு முன்னால் நாலு பட்டம் போடாவிட்டால் அச்சகத்துக்காரரே கோபித்துக்கொள்கிற நாடு நம்முடையது. ஊர்களை மட்டும் விடுவோமா? மதுரை 'கிழக்கின் ஏதென்ஸ்', சிவகாசி 'குட்டி ஜப்பான்', ஏற்காடு 'ஏழைகளின் ஊட்டி'. சென்னைக்கு 'ஆசியாவின் டெட்ராய்ட்'. அமெரிக்காவின் கார் நகரமான அசல் டெட்ராய்ட் 2013-ல் மஞ்சக் கடுதாசி கொடுத்த பிறகும் நாம் பட்டத்தைக் கழற்றவில்லை.

பொருளுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பருத்தி ஊரான மான்செஸ்டர் இருக்கும் இடத்தில், கி.பி. 79 வாக்கில் ரோமானியர்கள் ஒரு மேட்டின்மேல் படைக்கோட்டை கட்டினார்கள். அதற்கு மாமுகியம் என்று பெயர். முலை போன்ற குன்று என்பது பொருள் என ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆற்றுத் தாய்தெய்வத்தின் பெயர் என்பார் இன்னொரு சாரார். பின்னால் ஒட்டியிருக்கும் 'செஸ்டர்', பாசறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. படை தங்கிய இடத்துக்கு நம்மூரில் என்ன பெயர்? பாளையம். குன்றுக்கட்சியை ஒப்புக்கொண்டால் மேடு, பாளையம். கூட்டிப் பாருங்கள்: மான்செஸ்டர் என்றால் மேட்டுப்பாளையம்!

ஆக, பழைய பட்டத்தைச் சுமந்துகொண்டு கோவைக்காரர்கள் சொல்லிவருவதெல்லாம், 'எங்கள் ஊர் தென்னிந்தியாவின் மேட்டுப்பாளையம்' என்பதுதான். அசல் மேட்டுப்பாளையம் பக்கத்திலேயே, நீலகிரி ரயிலுக்கு எஞ்சின் மாட்டிக்கொண்டு, ஒரு பட்டமும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்ததும் நம் பழைய நண்பர், உலகத்து ஊர்ப் பெயரெல்லாம் தமிழே என்று மாதாமாதம் எழுதுகிற புலவர், 'மான் செற்ற ஊர்' என்று நிறுவி ஒரு கட்டுக் காகிதம் அனுப்புவார். புலவரே, வேண்டாம். லண்டனுக்கு நீங்கள் அனுப்பியதே இன்னும் மேசையில் கிடக்கிறது.

பெருமை என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. எட்டே வருஷத்தில், 1896-ல், இந்திய ஆலைத் துணிக்கு மூன்றரை சதவீத உற்பத்தி வரி போட்டார்கள். எதற்கு? அரசாங்கம் பணமுடையில் இறக்குமதித் துணிக்கும் வரி போட வேண்டியிருந்தது. 'எங்கள் துணிக்கு வரி என்றால் அவர்கள் துணிக்கும் போடு' என்று மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்து ஆலைக்காரர்களும் மான்செஸ்டர் வியாபாரிகளும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த வரி ஒழிய ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. இத்தனைக்கும் வாணிபத்தில் சுங்கமே கூடாது என்ற வாதத்துக்கு 'மான்செஸ்டர் கொள்கை' என்றே அரசியலில் பெயர். நம் கழுத்தில் வரி கட்டிய ஊரின் பெயரை நாமே மாலையாகப் போட்டுக்கொண்டோம். தனியாகவும் போட்டுக்கொள்ளவில்லை: அகமதாபாத், ஒசாகா, பின்லாந்தின் தாம்பரே, போலந்தின் வூச் என்று வரிசை நீளம்.

இன்னொரு வேடிக்கை. நூற்பு உச்சத்திலிருந்த காலத்தில் பெரும்பகுதி நூற்றது ஓல்டாம், போல்ட்டன் போன்ற சுற்றுவட்டார ஊர்கள். மான்செஸ்டர் மாளிகை மாதிரி கிடங்குகளைக் கட்டிக்கொண்டு விலை பேசியது. உழைப்பு ஒரு ஊர், பேர் இன்னொரு ஊர். திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைப் பலகையும் அந்தக் கிடங்கு வேலைதான். கப்பலில் ஆஸ்திரேலியா போய் இறங்கிய பருத்தித் துணிக்கு, வந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது. ஜெர்மன்காரர் 'மான்செஸ்டர்' என்றால் கார்டுராய் துணி. நம்மவர் 'மான்செஸ்டர்' என்றால் கால்பந்து. அந்த மான்செஸ்டர் யுனைடெட் அணி விளையாடும் ஓல்ட் டிராஃபர்டு மைதானம் மான்செஸ்டர் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. பக்கத்து டிராஃபர்டில் இருக்கிறது. இந்த அநியாயத்தைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் எங்கள் உதவி ஆசிரியர் வெட்டிவிடுகிறார். அவர் அந்தக் கட்சி. இன்று லீவு.

பட்டம் வேண்டியேதான் தீரும் என்றால், தகுதியோடு வாங்குங்கள். லிவர்பூல் துறைமுகம் வாங்கிய கட்டணம் பொறுக்காமல் மான்செஸ்டர்காரர்கள் 36 மைலுக்குக் கப்பல் கால்வாய் வெட்டி, 1894-ல் கடலையே ஊருக்குள் கூட்டிவந்தார்கள். கோவையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சிவரை ஒன்று வெட்டட்டும். நடுவில் கேரள அரசிடம் தண்ணீர் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதைத் தனிக் கேள்வியாக அனுப்புங்கள்; ஒரு சிறப்பிதழ் தேவைப்படும்.