ஜெனரேட்டர் மக்கர் செய்தால் ஜன்னல் வெயில்?

கேள்வி: பழைய வீட்டில் பகல் காட்சிப் படப்பிடிப்பு. ஜன்னலுக்கு வெளியே, 4 மீட்டர் தள்ளி, 2.5 கிலோவாட் எச்.எம்.ஐ. (பகல் வெளிச்ச நிறத்தில் எரியும் சினிமா விளக்கு) வைத்துக் கம்பி நிழல் விழ வெயில் அடிக்கத் திட்டம். ஜெனரேட்டர் நின்றுவிட்டால் வீட்டுக் கரண்டில் ஓட்டலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: 2.5 வேண்டாம். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத பாலாஸ்ட் (விளக்குக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் பெட்டி) என்றால், பாயிண்ட் தாங்கும் 16 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். 1.2 கிலோவாட் விளக்கை எலெக்ட்ரானிக் பாலாஸ்ட்டோடு, ஏ.சி.க்கென்று போட்ட தனி லைனில் மாட்டுங்கள். ஏ.சி. ஓடக் கூடாது. எர்த் இல்லாத பாயிண்ட் பக்கமே போகாதீர்கள். கேபிள் சுருளை முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுருண்டே கிடந்தால் சூடேறி உருகும்.

வெளிச்சம் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையும். உடனே ஸ்டாண்டை ஜன்னலோரம் தள்ளத் தோன்றும். 4 மீட்டரை 2 ஆக்கினால், அறைக்குள் 2 மீட்டரில் நிற்கும் நடிகருக்கு அந்த ஸ்டாப் திரும்பக் கிடைத்துவிடும். கணக்கு சரி, நிழல்தான் சரியில்லை. வரிவரியாக விழுந்த கம்பி நிழல் விசிறி மாதிரி விரிந்து, ஓரமும் மங்கிப்போகும். வெயில் அப்படி விழாது.

ஸ்டாண்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) 800-லிருந்து 1600 ஆக்குங்கள். சிக்கல் இனிமேல்தான். விளக்கு பாதியானது, மற்ற ஜன்னல்கள் வழியே வரும் வான வெளிச்சம் குறையவில்லை, ஐ.எஸ்.ஓ. அதையும் சேர்த்துத் தூக்கிவிடும், நிழல் வெளுத்துப் படம் தட்டையாகும். ஆகவே அந்த ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் தெர்மாகோல் விளக்கோடு சேர்ந்தே குறைந்திருக்கும், தொட வேண்டாம். எல்.ஈ.டி. ஃபில் (நிழலை நிரப்பும் விளக்கு) இருந்தால் பாதியாக்குங்கள்.

ஃபிரேமில் தெரியும் ஜன்னல் வெளியே வெளுத்தால் கண்ணாடியில் என்.டி. (வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் தாள்) ஒட்டிவிடாதீர்கள். விளக்கும் அதன் வழியாகத்தானே வருகிறது! கேமராவைக் கொஞ்சம் திருப்பி ஜன்னலை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுவதே சுலபம்.

கேள்வி: கரண்ட் போய் உடனே வந்தது. எச்.எம்.ஐ. மட்டும் எரியவில்லை. பல்ப் போய்விட்டதா?
– சேலம் வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. சூடான பல்புக்குள் அழுத்தம் அதிகம். ஹாட் ரீஸ்டிரைக் (சூடு ஆறாமலே மீண்டும் பற்றவைக்கும்) வசதி இல்லாத செட் அப்போது பற்றாது. ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் சில நிமிஷம் ஆறவிடுங்கள். எரிந்த பிறகும் நிறம் நிலைப்பட இரண்டு மூன்று நிமிஷமாகும். அதற்குள் ஷாட் எடுத்தால் முந்தைய ஷாட்டோடு ஒட்டாது.