டாக்டர் சிவபிரசாத், எம்.பி.: எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஆந்திராவில் சித்தூர் எம்.பி.யாக இருந்த டாக்டர் சிவபிரசாத்தைப் பற்றி நம்ம பக்கத்துத் தமிழ் ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நகரியிலிருந்து: சார், இவர் நிஜ டாக்டரா, சினிமா டாக்டரா?

நிஜ டாக்டர்தான். திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். ஆனால் ஊரில் யாரும் அவரை ஊசி போட்டவராக நினைவு வைத்துக்கொள்ளவில்லை. நாடகம், தெலுங்கு சினிமா, அதற்கப்புறம் அரசியல். 2005இல் வந்த 'டேஞ்சர்' படத்தில் வில்லனாக நடித்து நந்தி விருதும் வாங்கினார்.

சத்தியவேட்டிலிருந்து: முதலில் எங்கள் எம்.எல்.ஏ. தானே அவர்?

ஆமாம். 1999இல் தெலுங்கு தேசம் சார்பில் உங்கள் தொகுதியில் ஜெயித்து, முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் அமைச்சரவையிலும் இடம் பிடித்தார். உங்கள் பக்கம் 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது நீங்கள் ஆந்திராப் பக்கம் வந்தீர்கள். அதனால் அங்கே ஓட்டுக் கேட்கத் தெலுங்கு மட்டும் போதாது.

எம்.பி. ஆனது 2009இல். தொகுதி மறுசீரமைப்பில் சித்தூர் தனித்தொகுதி ஆனதுதான் அவருக்கு வழிவிட்டது. 2014இல் மறுபடியும் ஜெயித்தார்.

குப்பத்திலிருந்து: நாரதர், ஹிட்லர், பெண் வேடமெல்லாம் போட்டுப் பார்லிமென்ட் வாசலில் நின்றாரே. வெட்கமாக இருந்தது அண்ணா. அதனால் ஏதாவது பலன் உண்டா?

எனக்கு வெட்கமாக இல்லை. டெல்லி நிருபர்களுக்கு அது கோமாளித்தனம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு வேடம் கட்டி நியாயம் கேட்பது புதுசா என்ன? ஹிட்லர் வேடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அது பிரதமர் மோடியைப் பார்த்துச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த மீசையை வைத்து விளையாடக் கூடாது.

பலன் என்றால், ஆந்திராவுக்கு அவர் கேட்ட சிறப்பு மாநில அந்தஸ்து வரவில்லை. 2014 பிப்ரவரியில் ராஜ்யசபாவில் மன்மோகன் சிங் ஐந்து வருஷத்துக்குத் தருவதாகச் சொன்னார். அடுத்து வந்த அரசு அதைத் தராமல் 2016 செப்டம்பரில் அதற்குப் பதிலாக நிதி உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தது. தெலுங்கு தேசம் அதை அப்போது ஏற்றுக்கொண்டது! 2018 மார்ச்சில்தான் பா.ஜ.க. கூட்டணியை விட்டு வெளியே வந்தது. அந்த வருஷம் சிவபிரசாத் தினமும் ஒரு வேடம் போட்டதில் கட்சியின் பழைய தலையாட்டலை மறக்கடிக்கும் வேலையும் கலந்திருந்தது என்பது என் கணிப்பு. மனுஷன் உண்மையாகத்தான் கத்தினார். கத்த வேண்டிய நேரம் இரண்டு வருஷம் முன்னாடி.

புத்தூரிலிருந்து: நடிகை ரோஜாவை சினிமாவுக்குக் கொண்டுவந்தது இவர்தானா?

ஆமாம், 1991இல் அவர் இயக்கிய 'பிரேம தபஸ்ஸு'தான் ரோஜாவுக்கு முதல் தெலுங்குப் படம். தமிழ்நாட்டுக்காரர்கள் 'செம்பருத்தி'யிலிருந்து கணக்கு வைப்பார்கள், அது அடுத்த வருஷம். 2009இல் இருவரும் ஒரே கட்சி. சிவபிரசாத் ஜெயித்தார், ரோஜா சந்திரகிரியில் தோற்றார். 2014இல் ரோஜா எதிர்க்கட்சியில் நின்று உங்கள் நகரித் தொகுதியில் 858 ஓட்டில் ஜெயித்தார். அந்தத் தொகுதிக்கும் எம்.பி. சிவபிரசாத்தான்!

பலமநேரிலிருந்து: ஒய்.எஸ்.ஆரும் டாக்டர்தானே? அவரை ஏன் இவரோடு சேர்த்துப் பேசுவதில்லை?

முதல்வராக இருந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் சேர்த்துப் பேச வேண்டியவர்தான். குல்பர்காவில் படித்துவிட்டுத் திருப்பதி ருயா ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். 1973இல் புலிவெந்துலாவில் அப்பா பெயரில் 70 படுக்கை ஆஸ்பத்திரி கட்டினார். ஒரு ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கியதும் அங்கேதான். கடப்பா எம்.பி.யாக நான்கு தடவை டெல்லி போனார், ஆனால் டெல்லி அவருக்கு இடைவழிதான். 2004இல் முதல்வர். 108 ஆம்புலன்ஸ், 2007இல் ஏழைகளுக்கான ஆரோக்கியஸ்ரீ மருத்துவக் காப்பீடு, இரண்டும் அவர் காலம். ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருந்தவர் இதய ஆபரேஷனுக்கு நிலத்தை அடகு வைக்காமல் போக முடிந்தது சின்ன விஷயமில்லை. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009இல் வந்தது என்பதையும் நம்ம தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

குறையும் உண்டு. பணம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டவர் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. பெரிய வியாதிக்கு வழி செய்த டாக்டர் சின்ன வியாதியை விட்டுவிட்டார். ஆனாலும் தன் படிப்பை ஆட்சிக்குள் கொண்டுபோனவர் அவர்தான். சிவபிரசாத் கொண்டுபோனது தன் நடிப்பை.

சித்தூரிலிருந்து: என் மகள் அரசு டாக்டர். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறாள். முடியுமா?

வேலையை விட்டால் முடியும். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றால் ஆதாயம் தரும் பதவி என்று தகுதி போய்விடும், அரசியலமைப்பின் 102ஆம் பிரிவு எம்.பி.க்கு அப்படித்தான் சொல்கிறது. ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது. வேட்புமனுப் பரிசீலனை நாளுக்குள் அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு கையில் இருக்க வேண்டும். சொந்த கிளினிக் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஜெயித்த பிறகும் நோயாளி பார்க்கலாம்.

ஆர்க்காட்டுக்குப் பெண் கொடுத்த ஒருவர்: சிவபிரசாத் கடைசியில் என்ன ஆனார்?

2019 தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் ரெட்டெப்பாவிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். அதே வருஷம் செப்டம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். சிறுநீரகக் கோளாறு.